மலைச்சாலையும் நெடுந்தூர ஓட்டமும்



தோட்டப்புறக் குடும்பங்களுக்கான இந்த உரையில் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நெடுந்தூர ஓட்டம். மராத்தான் என்று உலகம் சொல்லும் ஓட்டத்தைப் பற்றி, அதிலும் மலையைப் பார்த்தபடி ஏறியும் இறங்கியும் ஓடுகிற ஓட்டத்தைப் பற்றி, சற்று விரிவாகப் பேசலாம்.

"காலை முதல் மாலை வரை மலையில் ஏறி இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டம் வேறு எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் இன்று தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் உள்ள நம் இளைஞர்கள் பலர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடக் கிளம்பிவிடுகிறார்கள். கீழே கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் நடக்கும் பெரிய ஓட்டங்களில் பெயர் கொடுக்கவும் ஆசைப்படுகிறார்கள். தடுத்தாலும் நிற்கப்போவதில்லை. ஆகவே, எப்படி ஓடினால் உடம்புக்கு நல்லது, எப்படி ஓடினால் உயிருக்கே ஆபத்து என்பதை வீட்டுப் பெரியவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுவோம். மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். தாப்பாவிலிருந்து மலையேறி வரும் பழைய சாலையை நாம் எல்லாரும் அறிவோம். தாப்பாவில் புறப்பட்டு, லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, வளைவுக்கு மேல் வளைவாக ஏறி ரிங்லெட் வந்து சேரும் தூரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அதைவிடச் சற்றே குறைந்த தூரத்தை நிற்காமல் ஓடிக் கடப்பதுதான் மராத்தான். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாலே தலை சுற்றுகிற தூரம் அது.

1896ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது இந்த ஓட்டம் தொடங்கியது. அன்று தூரம் சுமார் 40 கிலோமீட்டர். வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர். அவர் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தூரம் 42.195 கிலோமீட்டராக இருந்தது; 1921இல் அதுவே உலகம் முழுமைக்கும் நிலையான அளவாயிற்று. 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா காலில் சப்பாத்து இல்லாமலேயே ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம் வென்றார். இந்தியாவின் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலால் ஓடிப் பெயர் பெற்றவர்தான். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடி முடித்த நேரம் 2 மணி 12 நிமிடம். தண்ணீர் சுமந்தவரும் ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளையும் வென்ற விளையாட்டு இது. கால்பந்துக்குத் திடல் வேண்டும், நீச்சலுக்குக் குளம் வேண்டும்; ஓட்டத்துக்கு வீட்டு வாசலிலிருந்து கிளம்பும் பாதையே போதும்.

நேயர்களே, இந்த ஓட்டங்கள் பலவும் வசந்த காலத்தில் நடப்பதற்குக் காரணம் உண்டு. மராத்தான் ஓடுகிறவரின் உடம்பு அடுப்பைப் போலச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூடு வெளியேற வேண்டுமானால் காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சுமார் 10 பாகை செல்சியஸ் வெப்பமே நெடுந்தூர ஓட்டத்துக்கு மிகவும் ஏற்றது என்பது ஆய்வாளர்கள் கண்ட உண்மை. வட நாடுகளில் பனிக்காலம் முடிந்து, கோடைக்கு முன்பு வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அத்தகைய காலநிலை கிடைக்கிறது. ஆகவே தோக்கியோ, பாரிஸ், லண்டன், பாஸ்டன் ஆகிய நகரங்கள் அந்த மாதங்களில் ஓட்டம் நடத்துகின்றன.

நமக்கு அப்படி ஒரு வசந்தம் கிடையாது. சித்திரை பிறக்கும் சமயத்தில் கீழ்நாட்டில் வெயில் கொளுத்துகிறது; பிற்பகலில் இடியும் மழையும். அதனால்தான் நம் நாட்டில் பெரிய ஓட்டங்களை விடிவதற்கு வெகு நேரம் முன்பே, இருட்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கேமரன் மலையில் நாம் இருக்கும் இடமோ வேறு மாதிரி. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் அதற்கும் மேலே. பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டரையும் தாண்டுகிறது. இரவில் 15 பாகை, பகலில் 25 பாகைக்குள் நிற்கும் குளிர்ச்சி. மற்றவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை காத்திருந்து பெறும் காலநிலையை நாம் அநேகமாக ஆண்டு முழுவதும் பெற்றிருக்கிறோம்.

மலை நாட்டு நகர ஓட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறோம்.

நம் நாட்டிலேயே சபா மாநிலத்தின் தலைநகரான கோத்தா கினபாலுவில் 2008ஆம் ஆண்டு போர்னியோ அனைத்துலக மராத்தான் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் அது மே மாதத்தில் நடந்திருக்கிறது. நகரத்துச் சாலைகளில் ஓடுகிறவர்களுக்கு ஒரு பக்கம் கடல். மேகம் விலகிய காலை வேளையாக இருந்தால் மறுபக்கம் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை. அந்த மலையின் மேலேயே ஏறி இறங்கும் ஓட்டப் போட்டி ஒன்றும் 1987 முதல் அனைத்துலக அளவில் நடத்தப்பட்டது. மலைக்காட்சி ஓடுகிறவருக்குப் பெரிய துணை. நாற்பது கிலோமீட்டர் தூரமும் ஒரே மாதிரிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு ஓடினால் மனம் சோர்ந்துவிடும். மலையைப் பார்த்து ஓடினால் மனம் சற்று லேசாகும்.

இரண்டாவது உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 1897ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டம் அது. ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நடக்கிறது. அந்தப் பாதையில் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்கத்தில் நெடுகிலும் இறக்கம். ஓடுகிறவர் "இவ்வளவு சுலபமா!" என்று வேகமாக ஓடிவிடுவார். பாதித் தூரம் தாண்டியபின், 26ஆவது கிலோமீட்டரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மேடுகள் வரும். கடைசி மேட்டுக்கு 'மனமுடைக்கும் மேடு' என்ற பொருளில் பெயரே வைத்துவிட்டார்கள். 2023ஆம் ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்த கென்யாவின் எலியுட் கிப்சோகே இந்தப் பாதையில் ஓடினார். அந்த மேடுகளில் அவரே பின்தங்கி ஆறாவதாக வந்தார். வென்றவர் அவர் நாட்டவரான எவன்ஸ் செபெட். சமதரையில் உலகையே வென்றவரையும் மேடு பள்ளம் சோதித்துவிடும்.

கிப்சோகே பிறந்தது கென்யாவின் நந்தி மாவட்டத்தில். நந்தி என்ற பெயர் நம் காதுக்குப் பழக்கமானது. அந்த மலைப்பகுதியும் நம் மலையைப் போலவே தேயிலை விளையும் பகுதி. பச்சைத் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே செம்மண் பாதையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். உலகின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலரைத் தந்த மண் அது. கொழுந்து வளரும் மலையில் ஓட்டக்காரர்களும் வளர முடியும் என்பதை அது காட்டுகிறது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். நம் மலையின் அடிவாரமாகிய தாப்பாவில் பிறந்த எம். இராஜமணி 1966ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1994இல் எம். இராமச்சந்திரன் 10,000 மீட்டரை 29 நிமிடம் 30 வினாடியில் ஓடி ஏற்படுத்திய தேசியச் சாதனை கால் நூற்றாண்டுக்கும் மேலாக அசையாமல் நின்றது. 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் பெற்றவர் ஜி. சரவணன். தைப்பூசத்தில் இரவெல்லாம் இரதத்தோடு நடந்து, விடிந்ததும் பத்துமலையின் 272 படிகளை ஏறுகிற மக்கள் நாம். நெடுந்தூரம் நமக்குப் புதிதல்ல.

இனி, மலை நமக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பார்ப்போம். இங்கேதான் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

"உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு இரத்தம் ஊறும், மூச்சு நீளும், ஆகவே கீழே போனால் நாமே வெல்வோம்" என்று சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. காற்றில் உயிர்வளி குறைந்த உயரத்தில் வாழ்ந்தால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவது உண்டு. ஆனால் அது நன்றாக நடப்பதற்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வேண்டும். கென்யாவில் ஓட்டக்காரர்கள் தங்கிப் பயிற்சி செய்யும் இத்தேன் என்ற ஊர் சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. நாமோ 1,500 மீட்டரை ஒட்டி வாழ்கிறோம். உயரத்தால் கிடைக்கும் நன்மை நமக்குச் சிறிதளவே.

மலை நமக்குக் கொடுக்கும் உண்மையான சொத்து ஏற்றமும் இறக்கமும்தான். ஏற்றத்தில் ஓடும்போது கெண்டைக்காலும் பின்தொடையும் இடுப்பும் வலுப்பெறுகின்றன. நெஞ்சும் நுரையீரலும் பழகுகின்றன. சமதரையில் வேகமாக ஓடிப் பெற வேண்டிய பலனை ஏற்றத்தில் மெதுவாக ஓடியே பெற்றுவிடலாம்.

ஏற்றத்தில் ஓடும் முறை இது: அடியைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். பார்வை பத்துப் பதினைந்து அடி முன்னால் இருக்க வேண்டும். இடுப்பை மடக்கிக் குனியக்கூடாது. வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் பேச முடிகிற அளவில் மூச்சு இருந்தால் சரி. பேச்சே வரவில்லையென்றால் நடந்துவிடலாம். செங்குத்தான மேட்டில் நடப்பது வெட்கம் அல்ல.

இறக்கத்தைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இறக்கத்தில் மூச்சு வாங்காது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தசை நீண்டுகொண்டே வேலை செய்வதால் அதன் நுண்ணிய இழைகள் சேதமடைகின்றன. அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க முடியாமல் தொடை வலிக்கும். ஆகவே இறக்கத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றி நிறுத்தி நிறுத்தி ஓடாமல், சிறு அடியாக, மெத்தென்று வைத்து ஓட வேண்டும். முதலில் குறைந்த இறக்கம், பிறகு கூடுதல் இறக்கம் என்று பழக வேண்டும். சில வாரங்களில் தொடை பழகிவிடும்.

அடுத்தது பயிற்சி. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் மாதத்தில் மராத்தானை மறந்துவிட வேண்டும். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், நடையும் ஓட்டமும் கலந்து போகலாம். 5 கிலோமீட்டர் சிரமமில்லாமல் வந்தபின் 10. அதன் பிறகு 21. அரை மராத்தானை நிதானமாக முடித்தவரே முழு மராத்தானுக்குத் தயாராகலாம். அதற்கு இன்னும் நான்கு மாதங்களாவது தேவை. வாரத்துக்கு ஒரு நாள் நீண்ட ஓட்டம் இருக்க வேண்டும். அதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி 30 கிலோமீட்டர் வரை கொண்டுபோகலாம். மூன்று வாரம் கூட்டினால் ஒரு வாரம் குறைக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் ஓட்டத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும்.

பள்ளிப் பிள்ளைகள் முழு மராத்தான் ஓடக்கூடாது. பெரும்பாலான ஓட்டங்களில் 18 வயது நிரம்பியவர்களையே முழுத் தூரத்துக்குச் சேர்க்கிறார்கள். வளரும் எலும்புக்கு 3 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் ஓட்டமே போதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் குறுக்கோட்டத்தில் பழக்கினால் அதுவே நல்ல அடிப்படையாகும்.

உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விலையுயர்ந்த மாவும் பானமும் இல்லாமல் ஓட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடுகிறவருக்கு முக்கிய எரிபொருள் மாவுச்சத்து. அது தசையிலும் ஈரலிலும் ஓரளவே சேர்ந்திருக்கும். வேகமாக ஓடினால் 30 கிலோமீட்டரை ஒட்டி அது தீர்ந்துபோகிறது. கால் கல்லாகிவிடும், கண் இருட்டும். அதனால்தான் முந்தைய இரண்டு நாள் சோறு, இட்லி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைச் சற்றுக் கூட்டிச் சாப்பிடுவது நல்லது. ஓடுகிற அன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே எளிதாகப் பசியாறிவிட வேண்டும். வழியில் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் இனிப்புப் பானம். பயிற்சி ஓட்டத்தில் சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டியன்று புதிதாகச் சாப்பிடக்கூடாது. ஓடி முடித்தபின் பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒன்றோடு சோறு சாப்பிட்டால் தசை தேறும்.

பெண்பிள்ளைகள் ஓடலாமா என்று தயங்குகிற வீடுகள் இன்னும் உண்டு. ஒரு காலத்தில் உலகமே தயங்கியது. பாஸ்டனில் 1966இல் பாபி கிப் என்ற பெண் புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார். 1967இல் கேத்ரின் சுவிட்சரை ஓடும்போதே பிடித்து வெளியேற்றப் பார்த்தார்கள்; அவர் ஓடி முடித்தார். 1972இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக்கிலும் பெண்கள் மராத்தான் சேர்ந்தது. முதுகில் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து பறித்து, வீட்டுக்கு வந்து அடுப்பும் மூட்டிய நம் பாட்டிமார்களின் பேத்திகளுக்கு ஓடும் பலம் இல்லை என்று யார் சொல்வது? மாதவிலக்குக் காலத்திலும் உடம்பு இடங்கொடுத்தால் ஓடலாம். இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று மட்டும் மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் தனியே அனுப்பாமல் இரண்டு மூன்று பேராக அனுப்புங்கள்.

நேயர்களே, இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஓட்டத்தில் உயிருக்கு வரும் ஆபத்துகள் நான்கைச் சொல்கிறோம்.

முதலாவது, வெப்பம். மலையிலிருந்து கீழே இறங்கிப் போய் ஓடும் நம் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய ஆபத்து. குளிரில் பழகிய உடம்பு வெப்பத்தில் எப்படி வியர்க்க வேண்டும் என்பதைக் கற்றிருக்காது. வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை மலையை விட்டு இறங்கி ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் ஓடுகிறவர், மலையில் ஓடிய அதே வேகத்தில் ஓடினால் உடம்பின் சூடு 40 பாகையைத் தாண்டிவிடலாம். 1984 ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு, கடைசிச் சுற்றில் உடம்பு ஒரு பக்கம் கோணித் தள்ளாடித் தள்ளாடி வந்ததை உலகமே பார்த்தது. அவரும் மலை நாட்டைச் சேர்ந்த, நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்தான்.

ஆகவே கீழே ஓடப்போகிறவர் முடிந்தால் பத்து நாள் முன்பே உறவினர் வீட்டில் தங்கி அந்த வெப்பத்தில் மெதுவாக ஓடிப் பழக வேண்டும். வேலையும் விடுமுறையும் இடங்கொடுக்காவிட்டால், வேகத்தைக் குறைத்து, "முடித்தால் போதும்" என்று ஓட வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓடவே கூடாது. கட்டிய பணம் போகட்டும்.

ஓடிக்கொண்டிருப்பவர் பேச்சுக் குழறினால், திசை தெரியாமல் தடுமாறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், அது வெப்பத் தாக்கு. வியர்வை வந்துகொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, 999 எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். பனிக்கட்டி கலந்த தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்துவது மிகச் சிறந்த வழி. அது இல்லையென்றால் உடம்பு முழுதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது; புரையேறிவிடும். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். குறைவாகக் குடிப்பது மட்டும் ஆபத்தல்ல. அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் உப்புக் குறைந்திருந்தது. அதே ஓட்டத்தில் ஓர் இளம்பெண் அதனால் உயிரிழந்தார். தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தால் இரத்தத்து உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்குகிறது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு பந்தலிலும் நின்று நின்று குடிப்பவர்களுக்கே இது அதிகம். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். தாகம் தீர்ந்ததும் நிறுத்துங்கள். ஓடி முடித்தபின் உடல் எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று பொருள்.

மூன்றாவது, குளிரும் மழையும். "நாம் மலைக்காரர்கள், குளிர் நமக்குப் பழக்கம்" என்று நினைத்துவிடக்கூடாது. 2021ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. வசந்த காலம்தான். 172 பேர் ஓடினார்கள். பலர் மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையுமாக இருந்தார்கள். நண்பகலுக்குப் பிறகு திடீரென்று பலத்த காற்றும் உறையும் மழையும் வந்தன. 21 பேர் இறந்துபோனார்கள். அன்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஆறு பேரைத் தம் குகைக்குள் சேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். ஓடத் தெரிந்தவர்களைவிட அந்த மலையை அறிந்தவரின் அறிவு அன்று பெரிதாயிற்று.

நம் மலையிலும் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். ஓடும்வரை உடம்பு சூடாயிருக்கும்; நனைந்து நின்றுவிட்டால் சில நிமிடங்களில் நடுக்கம் பிடிக்கும். காட்டுப்பாதையில் நீண்ட ஓட்டம் போகிறவர் இடுப்பில் ஒரு மெல்லிய மழைச்சட்டையும், ஊதலும், கைத்தொலைபேசியும் வைத்திருக்க வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இடி மின்னல் தொடங்கினால் மேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கனமழைக்குப் பிறகு மண் சரியும் சரிவுகளின் ஓரம் போகவே கூடாது.

நான்காவது, சாலை. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளானில் நடந்த மராத்தானில், விடியுமுன் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது கார் ஒன்று மோதியது. ஏற்பாடு செய்த ஓட்டத்திலேயே அப்படி என்றால், நம் மலைச்சாலையில் தனியே ஓடுகிறவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! காய்கறி ஏற்றிய லோரிகள் இருட்டோடு இறங்குகின்றன. வார இறுதியில் வழி தெரியாத சுற்றுப்பயணிகளின் கார்கள் வரிசை பிடிக்கின்றன. பனிமூட்டத்தில் வளைவுக்கு அப்பால் வருவது தெரியாது. வாகனத்தை எதிர்நோக்கும் பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். குருட்டு வளைவு வந்தால் அதற்கு முன்பே, வண்டிக்காரர் கண்ணில் படுகிற பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வெள்ளை அல்லது மஞ்சள் சட்டையும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையும், கையில் சிறு டார்ச்சும் வேண்டும். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடக்கூடாது. கூடுமானவரை பெரிய சாலையை விட்டுவிட்டு, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுத் தோட்டத்து உள்சாலைகளில் ஓடுவதே மேல். நாயையும் மறந்துவிட வேண்டாம். துரத்தினால் ஓடாமல் நின்று மெல்ல நடந்துவிடுங்கள்.

இவற்றோடு, நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்புக் கண்டவர்களும் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஓடும்போது நெஞ்சு அழுத்தினாலோ மயக்கம் வந்தாலோ அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பெற்றோர்களே, செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறுங்காலால் ஓடி வென்றவர்கள் உண்டு என்று சொன்னோம். அதற்காக நம் பிள்ளை கல்லும் தாரும் நிறைந்த சாலையில் வெறுங்காலோடு ஓட வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்துகிற, விரல் நுனியில் சற்று இடமுள்ள ஒரு ஜோடி சப்பாத்து போதும். விலை உயர்ந்தது வேண்டாம். போட்டிக் கட்டணமும் பஸ் செலவும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குச் சுமைதான். ஆண்டு முழுவதும் பத்துப் போட்டிக்குப் போவதைவிட, நன்றாகத் தயாராகி ஒன்றுக்குப் போவது உடம்புக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. ஆலயத்திலோ மண்டபத்திலோ இளைஞர்கள் கூடி ஓர் ஓட்டக் குழு அமைத்தால், பழக்கம் உள்ள ஒருவர் மற்றவர்களுக்கு வழிகாட்டலாம். இருட்டில் தனியே ஓடும் ஆபத்தும் நீங்கும்.

போட்டிக்குப் போகாமல் வீட்டுக்கு அருகிலேயே அரை மணி நேரம் ஓடி வருகிறவருக்கும் இந்த ஓட்டம் பலன் தரும். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் நம் சமூகத்தில் பல குடும்பங்களை வாட்டுகின்றன. மாலை நேரத்தில் வெறுமனே உட்கார்ந்து பழகிய இளைஞர் காலையில் ஓடப் பழகினால், இரவில் நேரத்தோடு தூங்குவார். தீய பழக்கத்துக்கு நேரமும் மிஞ்சாது. தகப்பனாரும் தாயாரும் கூடவே நடந்தால் இன்னும் நல்லது.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஓட விரும்பினால் இந்த நான்கையும் கேளுங்கள்: எந்தப் பாதை? யாரோடு? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? கீழே போய் ஓடுவதானால் வெப்பத்துக்குப் பழகிவிட்டாயா? நான்குக்கும் சரியான பதில் வந்தால் மனதார வாழ்த்தி அனுப்புங்கள். நம் மலைகளுக்கு நடுவிலிருந்து நெடுந்தூரம் ஓடும் பிள்ளைகள் பலர் புறப்படட்டும். புறப்பட்ட ஒவ்வொருவரும் நலமாக வீடு திரும்பட்டும்.